இரண்டாம் நம்பர் ஜெர்சி

மூட்டையை அவிழ்த்துக் குளியலறைத் தரையில் கொட்டியபோதே அவளுக்கு மூக்கு சொல்லிவிட்டது.

மூட்டை என்றால் ஏதோ வீட்டு அழுக்கு மூட்டை இல்லை. கிளப்பின் ஜெர்சி மூட்டை. ஒரு கூட்டமே சேற்றில் புரண்டு, ஒருவர் மேல் ஒருவர் விழுந்து எழுந்து, கழற்றி எறிந்துவிட்டுப் போன துணி. பெரிய ஆட்டக்காரர்களுக்கு இதையெல்லாம் துவைக்க ஆள் இருப்பார்களாம். இவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? வாரம் முழுக்க வேலைக்குப் போய்விட்டு, சனிக்கிழமை வந்தால் ரக்பி ரக்பி என்று ஓடுகிறவர்கள். அதனால் ஆட்டம் முடிந்ததும் மொத்த மூட்டையும் யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகும். முறை போட்டுத் துவைக்க வேண்டும். முறை ஆம்பிளைகள் பெயரில் ஓடும். கை வலிப்பது வீட்டுப் பெண்களுக்கு. இந்த வாரம் அவள் வீட்டு முறை.

அவள் ஆயத்த ஆடை ஆலையில் செக்கர். தைத்து வரும் சட்டையை விளக்குக்குக் கீழே விரித்து, எங்கே நூல் விட்டிருக்கிறது, எங்கே பட்டன் கோணியிருக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. நல்ல சட்டையாக இருக்கும் என்று நம்பி எடுத்தால் ஓட்டை கண்ணில் படாது. இதில் எங்கேயோ கோளாறு இருக்கிறது என்று எடுத்தால்தான் படும். ஆக, சந்தேகம் அவளுக்குக் குணம் இல்லை, உத்தியோகம். அவள் புருஷன் மட்டும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

இரண்டாம் நம்பர் ஜெர்சியை உருவி எடுத்தாள். முகர்ந்தாள். கழுத்துப் பட்டியில் பச்சைத் தைல வாசனை. அந்தத் தைலத்தை அந்தக் கிளப்பில் ஒரே ஒருத்தன்தான் தடவுவான். அவன் பக்கத்தில் வந்தாலே மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த ஒருத்தன் இப்போது கூடத்தில் காலை நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

அவன்தான் வருஷக்கணக்கில் இரண்டாம் நம்பர். ரக்பியில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. இந்தப் பக்கம் எட்டுப் பேர், அந்தப் பக்கம் எட்டுப் பேர், குனிந்து தோளோடு தோள் முட்டி மாடு மாதிரி தள்ளுவார்கள். முன்வரிசையில் நட்டநடுவில் நிற்பவன் இரண்டாம் நம்பர். அவன் இரண்டு கையும் பக்கத்து ஆட்கள் தோளில் மாட்டியிருக்கும். என்ன வந்து முட்டினாலும் தலையைக் காப்பாற்றிக்கொள்ளக் கை கிடையாது. கல்யாணமான புதிதில் இதைக் கேட்டுவிட்டு, "வேற நம்பர் குடுக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். அவன் அரை நாள் சிரித்தான்.

அந்தச் சிரிப்பு இந்த வருஷம் ஆட்டங்கள் தொடங்கியதுமே நின்றுபோனது. ஒரு சனிக்கிழமை யாரோ ஒருவன் முழங்கால் அவன் பொட்டில் பட்டது. எழுந்து நின்றான், ஆட்டத்தையும் ஆடி முடித்தான், வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கும் வந்தான். வந்து சமையலறை வாசலில் நின்று, "அத்தை சாப்பிட்டாங்களா?" என்று கேட்டான். அத்தை என்றால் அவளுடைய அம்மா. அம்மா போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கொள்ளி வைக்கும்போது பக்கத்தில் நின்றவனே இவன்தான்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. "இன்னொரு தடவை தலை அதிர்ந்தா, போன ஞாபகம் திரும்பி வரும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்," என்றார். அவன் எலக்ட்ரீஷியன். எந்தக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது, எதை அணைத்தோம் என்று மறந்தால் அன்றைக்கே கதை முடிந்தது. அவள் அழுது தீர்த்தாள். அவன் அவள் தலையில் அடித்து, இனி ஆடமாட்டேன் என்று சத்தியம் செய்தான். அடிபட்டது இவன் தலை, சத்தியம் மட்டும் என் தலையிலா என்று அந்த நேரத்திலும் அவளுக்குத் தோன்றத்தான் செய்தது.

சரி, ஆட்டத்தை விட்டான். கிளப்பை விட்டானா? அதுதான் இல்லை. கோட்டோரம் கொடி பிடிக்கிறேன், பந்து வெளியே போனால் கொடியைத் தூக்க ஆள் வேண்டுமாம் என்று சனிக்கிழமைதோறும் கிளம்பிவிடுகிறான்.

ஜெர்சியைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ரெண்டாம் நம்பரை இப்ப யாரு போடறா?"

"புதுசா ஒரு பையன்." அவன் டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"யாரு?"

"உனக்குத் தெரியாது."

"என்ன பண்றான்?"

"மெக்கானிக்."

"என்ன மெக்கானிக்?"

"மெக்கானிக்னா மெக்கானிக்தான். பொண்ணு குடுக்கப் போறியா அவனுக்கு?"

"உங்க தைலம் இதுல மணக்குதே."

"பையன் தோள் வலிக்குதுன்னான். குடுத்தேன். தைலம் குடுத்தா தப்பா?"

கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது. ஒழுங்காக இருக்கிறவன் கேள்வி கேட்டால் ஒரு நிமிஷம் முழிப்பான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதையாக, கேட்பதற்கு முன்னாலேயே பதிலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவனை எப்படி நம்புவது?

அன்றிலிருந்து அவளுக்கு வீட்டிலும் செக்கர் வேலை தொடங்கிவிட்டது. அலமாரிக்கு மேலே கிடந்த தலைக்கவசம், அந்த மெத்து மெத்தென்ற பஞ்சுத் தொப்பி, காணவில்லை. கேட்டால், கிளப்பில் கொடுத்துவிட்டேன், யாருக்காவது ஆகட்டும் என்றான். வாரநாள் சாயங்காலப் பயிற்சிக்கும் தவறாமல் போகிறான். கொடி பிடிக்கிறவனுக்கு என்ன பயிற்சி? கொடியை இப்படித் தூக்கு, அப்படி இறக்கு என்றா சொல்லிக்கொடுப்பார்கள்? ஒரு நாள் பாசமாக, "தோளைப் பிடிச்சு விடட்டுமா?" என்று கேட்டு, அழுத்துகிற சாக்கில் எங்கே வலிக்கிறது என்று விரலால் தேடினாள். அவனும் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொண்டான். வலது தோளில் கட்டைவிரலை வைத்ததும் துள்ளினான்.

"என்ன ஆச்சு?"

"ஏணி தூக்கினேன்."

ஏணியாம். தோளின் பின்பக்கத்தில் ஜெர்சியைப் பிடித்து இழுத்தால் கன்றிப்போகிற மாதிரி ஒரு சிவப்பு இருந்தது. எந்த ஏணி இப்படிக் கொத்தாகப் பிடிக்கும்?

மனசுக்குள் நெருப்பை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பது. தம்பிக்குப் போன் செய்தாள். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி. அப்பா இல்லாத வீட்டில், இடுப்பில் தூக்கிச் சுமந்து அவள் வளர்த்த பிள்ளை. இப்போது ஏசி ரிப்பேர் செய்கிறான், தனியாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அக்கா வீட்டில் சாப்பிட வருகிறவன், இந்த ஒன்றரை மாதமாக வாசலை மிதிக்கவில்லை. ஓவர்டைம், ஷிஃப்ட் என்று சாக்கு. ஏதோ பெண்ணைப் பிடித்துவிட்டான் என்று அவள் அதற்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அது அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

"டேய், உங்க மாமா எனக்குத் தெரியாம ஆடறாருடா," என்றாள். "சனிக்கிழமை நீ கிரவுண்டுக்குப் போய் ஒளிஞ்சு நின்னு பாத்துட்டு வந்து சொல்லணும்."

"அக்கா, மாமா ஆடலக்கா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கொடிதான் பிடிக்கிறாரு. நான் பாத்தேன்."

"நீ எங்கடா பாத்தே? உனக்குத்தான் சனிக்கிழமை ஓவர்டைம் ஆச்சே."

"அந்த வழியா... ஒரு ஏசி பாக்கப் போனேன்க்கா."

போனை வைத்ததும் அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மாமனும் மச்சானும் கூட்டு. கட்டினவன்தான் ஏமாற்றுகிறான் என்றால், கூடப் பிறந்ததும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது. இனி யாரையும் கேட்டுப் பயனில்லை. கையும் களவுமாகப் பிடிப்பதுதான் ஒரே வழி.

சனிக்கிழமை காலையில் இரண்டு பேருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "இன்னிக்கு எனக்கும் ஓவர்டைம்," என்று அவள் சொன்னாள். அவன் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்து, "பாவம்," என்றான். அந்தப் பாவத்தில் ஒரு நிம்மதி கலந்திருந்ததாக அவளுக்குப் பட்டது.

மைதானம் ஊருக்கு வெளியே, ஒரு மரக்கிடங்கை ஒட்டி இருந்தது. முந்தின நாள் மழையில் புல் போய்ச் சேறுதான் மிச்சம். அவள் போனபோது ஆட்டம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது. நிறுத்தியிருந்த வேனுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் முதலில் ஒன்றும் விளங்கவில்லை. கோட்டோரத்தில், சுத்தமான சட்டையோடு, கையில் மஞ்சள் கொடியோடு அவள் புருஷன் நின்றுகொண்டிருந்தான்.

அவளுக்கு உடம்பே லேசாகிவிட்டது. சே, என்ன புத்தி எனக்கு, ஒரு மனுஷனை இத்தனை நாளாக இப்படியா சந்தேகப்படுவது என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இன்றைக்கு வீட்டுக்குப் போய் அவனுக்குப் பிடித்ததாக ஏதாவது செய்து போட வேண்டும் என்றுகூட நினைத்தாள். எப்போதாவதுதான் அவளுக்கு இப்படி மனசு இளகும், அன்றைக்கு அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

ஸ்க்ரம் கலைந்தது. நடுவிலிருந்து இரண்டாம் நம்பர் ஜெர்சி எழுந்தது. தலையில் அவள் வீட்டு அலமாரி மேலிருந்த அதே பஞ்சுத் தொப்பி. முகமெல்லாம் சேறு. ஆனால் நடக்க ஆரம்பித்ததும், இடது காலைக் கொஞ்சம் வெளியே வீசிப் போடுகிற அந்த நடையை அவளுக்கு யாரும் அடையாளம் காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்தக் கால் முதன்முதலில் நடந்ததே அவள் விரலைப் பிடித்துக்கொண்டுதான்.

"வாங்கக்கா, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" பக்கத்தில் வந்து நின்றது தடியனின் மனைவி. தடியன் என்பது ஸ்க்ரமில் இரண்டாம் நம்பருக்கு இடது தோளாக நிற்பவன், கேப்டனும் அவனே. "உங்க தம்பி நல்லாத் தேறிட்டாரு. நாங்ககூடப் பயந்தோம். நடுவுல நிக்கப் பழகின ஆள் இல்லாட்டி, ரெஃப்ரீ ஸ்க்ரமைத் தள்ளவே விட மாட்டாராம், ஆட்டமும் தோத்ததா எடுத்துப்பாங்களாம். இந்த வருஷம் இன்னொண்ணு தோத்தா கிளப்பையே கீழ் லீகுக்கு இறக்கிடுவாங்கன்னு இவர் சோறு தண்ணி இல்லாம கிடந்தாரு. உங்க வீட்டுக்காரர்தான் தம்பியைக் கொண்டாந்து விட்டாரு."

அவள் கண் அந்த நடையை விட்டு நகரவில்லை.

"சும்மா விட்டாரா? பயிற்சியில அவரே எதிர்ல குனிஞ்சு, தலையைக் குடுத்து முட்டித் தள்ளித் தள்ளிக் கத்துக்குடுத்தாருன்னு இவர் சொல்லி மாளல. அப்படி ஒரு மாமன் யாருக்குக் கிடைப்பாங்க?"

தலையைக் கொடுத்து. ஆக அந்தச் சிவப்பு தம்பியின் கைச் சிவப்பு. ஆடமாட்டேன் என்று சத்தியம் செய்தான், ஆடவில்லை. முட்டமாட்டேன் என்று அவள் சத்தியம் வாங்கவில்லை, முட்டியிருக்கிறான். தன் தலைக்குப் பதில் அவள் வளர்த்த தலையைக் கொண்டுபோய் அந்த நடுவில் நிறுத்தியிருக்கிறான். உனக்குத் தெரியாதவனாம், மெக்கானிக்காம். இன்றைக்கு இவனை இந்த ஊர் பார்க்கக் கிழித்துத் தொங்க விடுகிறேன் என்று கோட்டோரத்தில் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டப் போனாள்.

அந்த நேரம் பந்தோடு ஒருவன் ஓடி வந்தான். தம்பி தாழப் பாய்ந்து அவன் காலைக் கட்டினான். ஓடி வந்தவனின் முழங்கால் தம்பி தலையில் இடிக்க, இரண்டு பேரும் விழுந்தார்கள். ஓடி வந்தவன் எழுந்தான். தம்பி எழவில்லை.

அவள் எப்படி உள்ளே ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. செருப்பு சேற்றில் போனது. அவள் போய்ச் சேர்வதற்குள் தம்பி எழுந்து உட்கார்ந்திருந்தான். ஆட்டத்தில் அடிபட்டால் பார்க்கிற பிசியோப் பெண் அவன் முன்னால் மண்டியிட்டுக் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் தண்ணீர் பாட்டிலோடு பக்கத்தில் நின்றான். சுற்றி ஆட்டக்காரர்கள் கூடியிருந்ததால் பின்னால் நின்றவளை யாரும் கவனிக்கவில்லை.

"எந்த கிரவுண்ட்ல இருக்கீங்க?" பிசியோ கேட்டாள்.

"நம்ம கிரவுண்ட்."

"யாரு முன்னால இருக்கா?"

"நாமதான். ரெண்டு பாயிண்ட்."

தடியன் மூச்சு விட்டான். "பையன் சரியாத்தான்மா இருக்கான்."

"ஒண்ணே ஒண்ணு. காலையில எங்க சாப்பிட்டீங்க?"

"அக்கா வீட்டுல," என்றான் தம்பி. தயங்காமல், முகம் மலர்ந்து சொன்னான். "அக்காதான் பரிமாறிச்சு. மாமாவும் நானும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டோம்."

பிசியோ நிமிர்ந்து மாமனைப் பார்த்தாள். "அப்படியாண்ணே?"

"ஆமாம்மா," என்றான் அவன். "ஒண்ணாத்தான் சாப்பிட்டோம்."

"சரி, எழுந்திரிங்க. மெதுவா."

ஒன்றரை மாதமாக வாசலை மிதிக்காத பிள்ளை. காலையில் இரண்டே தட்டு. மூன்றாவது தட்டை அவள் கழுவக்கூட இல்லை.

"எழுப்பாதீங்க," என்றாள். எல்லோரும் திரும்பினார்கள். "நான்தான் அக்கா. இவன் இன்னிக்கு எங்க வீட்டுக்கு வரவே இல்ல. இவன் வந்து ஒண்ணரை மாசமாச்சு."

பிசியோ தம்பியின் தோளைப் பிடித்து மறுபடியும் உட்கார வைத்துவிட்டு, ரெஃப்ரீயைப் பார்த்துக் கையை ஆட்டினாள். தடியன் இடுப்பில் கை வைத்து வானத்தைப் பார்த்தான். மாற்று ஆள் கிடையாது. இனி தள்ளாத ஸ்க்ரம், தோற்ற ஆட்டம், கீழ் லீக், எல்லாம் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தையில் முடிந்துபோயிற்று. யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கடித்துக் குதறியிருப்பாள்.

தம்பியைக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொல்லியாகிவிட்டது. அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அக்கா, நீ எப்ப வந்தே?"

"இப்பதான்டா."

"நீ திட்டுவேன்னுதான் சொல்லல."

"திட்டல. பேசாம இரு."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "அக்கா, நீ எப்ப வந்தே?" என்றான். "இப்பதான்டா," என்றாள் அவள்.

புருஷன் கொடியைக் கையில் பிடித்தபடி வந்து எதிரில் நின்றான். அவள் வாயில் அத்தனையும் தயாராக இருந்தது. ஒரு கிளப்புக்காக, ஒரு ஆட்டத்துக்காக, அடிபட்ட பிள்ளையைத் திரும்ப உள்ளே அனுப்பப் பார்த்தாயே, நீ மனுஷனா என்று தொடங்கி, அவன் பரம்பரை வரைக்கும் போக வேண்டியது. அவள் வாயைத் திறப்பதற்குள் அவன் கேட்டான்.

"ஏன் அப்படிச் சொன்னே?"

"எப்படிச் சொன்னேன்?"

"வரவே இல்லன்னு. காலையில மூணு பேரும்தானே உக்காந்தோம்? மச்சான் எனக்குப் பக்கத்துல..." அவன் பேச்சு அங்கேயே நின்றது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு தம்பியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "இல்லையா?"

அவளுக்கு அவன் பொய் முகம் ஒவ்வொன்றும் தெரியும். ஏணி முகம், மெக்கானிக் முகம், பாவம் என்று சொன்ன முகம். இத்தனை நாளாக விளக்குக்குக் கீழே விரித்து விரித்துப் பார்த்த முகங்கள். இது அதில் எதுவும் இல்லை. வாயில் இருந்த அத்தனையும் வற்றிப்போயிற்று. கடவுளே, இது பொய்யாக இருக்கட்டும். என்னை எத்தனை வேண்டுமானாலும் ஏமாற்றட்டும், இது மட்டும் பொய்யாக இருக்கட்டும்.

"சும்மாதானே சொன்னீங்க?" என்றாள். "டீம் தோத்துடும்னு பயந்து, அந்தப் பொண்ணுகிட்டப் பொய் சொன்னீங்க. அதானே? சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

அவன் அவள் முகத்தையே பார்த்தான். அதில் என்ன கண்டானோ, மெதுவாக அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கொடியை மடிமேல் வைத்துக்கொண்டான்.

"ஆமா," என்றான். "பொய்தான் சொன்னேன். பயப்படாதே."

அவள் அவனைப் பார்த்தபடியே கையை நீட்டிப் பிசியோவைக் கூப்பிட்டாள்.

"இங்க வாம்மா. ஆம்புலன்ஸ்ல இன்னொருத்தருக்கும் இடம் வேணும்."